லட்சத்தில் ஒன்றும் ஒன்றே ஒன்றும்

லோரோங் கூலிட் சந்தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பழைய பொருள் விற்கும் அண்ணன் ஒருவர் தரையில் பிளாஸ்டிக் விரித்து இசைத்தட்டுகளை அடுக்கி வைத்திருந்தார். நான் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். தி ஹூ குழுவின் ‘லைவ் அட் லீட்ஸ்’ கையில் வந்தது. தட்டை உறையிலிருந்து வெளியே இழுத்து, வெயிலில் சாய்த்துப் பிடித்து, லேபிளைச் சுற்றியிருக்கும் வெற்று வளையத்தில் கீறிய எண்ணைப் படித்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். “பாட்டு எப்படி இருக்குன்னு கேக்க மாட்டியா தம்பி? நம்பர மட்டும்தான் பாப்பியா?” என்றார். நான் சிரித்தேன். நம்பர் சரியில்லை. தட்டை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஒன்பது வருஷம் ஆகிறது. அவருக்கு அன்று சொல்லாத பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். திட்டப்படுகிறவர்களில் முதல் ஆள் நான்தான்.

கொஞ்ச காலமாக நம் வயசுத் தமிழ்ப் பிள்ளைகளிடம் ஒரு பழக்கம் பரவியிருக்கிறது. பினாங்கிலும் இருக்கிறது, கோலாலம்பூரிலும் இருக்கிறது, சென்னை நண்பர்களிடமும் பார்க்கிறேன். பழைய லைவ் ஆல்பங்களின் ‘ஒரிஜினல் பிரஸ்ஸிங்’, அதாவது முதல் தடவை அச்சான தட்டையே தேடி வாங்குவது. டீப் பர்ப்பிளின் ‘மேட் இன் ஜப்பான்’ என்றால் 1972 பிரிட்டிஷ் அச்சுதான் வேண்டும். ‘லைவ் அட் லீட்ஸ்’ என்றால் 1970-இல் வந்த, உறையில் கறுப்பு மையில் முத்திரை குத்தியதுதான் வேண்டும்; நீலமோ சிவப்போ என்றால் மவுசு கம்மி. அதற்கு ஐந்நூறு வெள்ளி, எண்ணூறு வெள்ளி கொடுப்போம். கொடுத்துவிட்டுப் படம் எடுத்துப் போடுவோம். “இதுதான் அசல். இதுலதான் உயிர் இருக்கு.”

எது அசல்?

ஒரு எல்.பி. எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தாலே பாதி மயக்கம் தெளிந்துவிடும். கச்சேரி நாடாவில் பதிவாகிறது. நாடாவிலிருந்து அரக்குப் பூச்சுள்ள ஒரு தட்டில் வரி வெட்டுகிறார்கள். அதற்கு உலோக முலாம் ஏற்றி உரித்தெடுத்தால் எதிர்வடிவம் கிடைக்கும்; தொழிலில் அதற்கு ‘தகப்பன்’ என்று பெயர். தகப்பனிலிருந்து ‘தாய்’. தாயிலிருந்து ‘ஸ்டாம்பர்’. ஸ்டாம்பரை வைத்து அழுத்தினால் தட்டு. எண்ணிப் பாருங்கள், உங்கள் கையில் இருப்பது நாடாவின் ஐந்தாம் தலைமுறை. முதல் அச்சே ஆனாலும் ஐந்தாம் தலைமுறைதான். தட்டு பிறக்கும்போதே நகலாகத்தான் பிறக்கிறது. லட்சக்கணக்கில் நகலெடுக்கத்தான் அந்த இயந்திரத்தையே கண்டுபிடித்தார்கள்.

சேகரிப்பவர்கள் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். காந்த நாடா வயதாக ஆக மங்கும். முதல் அச்சு வெட்டப்பட்டபோது அது புதுசு. புது ஸ்டாம்பர் கூர்மையாக இருக்கும், ஆயிரக்கணக்கில் அடித்தபின் தேயும். பிற்காலத்தில் சிடிக்காகத் திருத்தியவர்கள் பலர், மெல்லிய இடத்தையும் சத்தமான இடத்தையும் ஒரே உயரத்துக்குத் தூக்கி, பாட்டின் மூச்சையே அடைத்துவிட்டார்கள். இதெல்லாம் உண்மை. ஸ்டுடியோவில் செதுக்கிய ஆல்பம் என்றால் இந்த வாதத்தோடு நான் சண்டைக்கே வர மாட்டேன்.

ஆனால் நாம் பேசுவது லைவ் ஆல்பம். அதில் நமக்கு வேண்டியது என்ன? அந்த ராத்திரி. அந்த அரங்கம். அந்த ஆட்கள். முதல் அச்சு நம்மை அந்த ராத்திரிக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறதா?

‘லைவ் அட் லீட்ஸ்’ 1970 பிப்ரவரி 14 அன்று லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பதிவானது. இரண்டு மணி நேரத்துக்கும் மேற்பட்ட கச்சேரி. முதல் தட்டில் இருப்பது ஆறே பாட்டு. மிச்சத்தில் ஒரு பகுதி 1995 சிடியில் வந்தது. முழுக் கச்சேரியும் கேட்க 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நான் எண்ணூறு வெள்ளி கொடுத்து வாங்கத் தயாராக இருந்தது அந்த ராத்திரியின் ஒரு துண்டை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்தத் தட்டின் லேபிளிலேயே, கொறகொறச் சத்தம் இருக்கும், அதைத் திருத்த வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்கள். உறையும் திருட்டுப் பதிப்பு மாதிரியே தெரியவேண்டும் என்று பழுப்புக் காகிதத்தில் முத்திரை குத்திச் செய்தது. திருட்டுப் பதிப்பைப் பார்த்து நக்கலாகச் செய்த ஒரு பொருளில் நாம் அசலைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

டியூக் எலிங்டனின் ‘எலிங்டன் அட் நியூபோர்ட்’ கதை இதைவிட மோசம். 1956 ஜூலை 7 ராத்திரி, பால் கோன்சால்வெஸ் சாக்சஃபோனில் இருபத்தேழு சுற்று விடாமல் வாசித்தார். கூட்டம் எழுந்து ஆடியது. ஜாஸ் வரலாற்றில் அடிக்கடி பேசப்படும் ராத்திரி அது. ஆனால் அவர் நின்று வாசித்தது தட்டுக் கம்பெனியின் மைக்கில் இல்லை, பக்கத்திலிருந்த வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் மைக்கில். கம்பெனி நாடாவில் அவர் எங்கோ தூரத்தில் கேட்டார். அதோடு வேறு குறைகளும் இருந்ததால், நிகழ்ச்சியின் பெரும்பகுதியை ஸ்டுடியோவில் திரும்ப வாசிக்க வைத்து, கைதட்டலை ஒட்டி, ‘லைவ்’ என்று வெளியிட்டார்கள். வானொலிக்காரர்களின் நாடா தொண்ணூறுகளில்தான் கிடைத்தது. இரண்டையும் சேர்த்து 1999-இல் புதிதாக வெளியிட்டார்கள். ஆக, 1956 முதல் அச்சில் இருப்பது பெரும்பாலும் நாடகம். 1999 சிடியில் இருப்பதுதான் நடந்தது. சேகரிப்பவர் கையில் போலி, மலிவு சிடி வாங்கியவர் கையில் அசல்.

சாம் குக் 1963 ஜனவரி 12 அன்று மயாமியின் ஹார்லெம் ஸ்கொயர் கிளப்பில் பாடியதைப் பதிவு செய்த கம்பெனி, ரொம்ப முரட்டுத்தனமாக இருக்கிறது என்று நாடாவைப் பெட்டியில் போட்டு மூடியது. அது வெளிவந்தது 1985-இல். சாம் குக் அதைப் பார்க்கவில்லை. 1964-லேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஆல்பத்தின் ‘முதல் அச்சு’ கச்சேரிக்கு இருபத்திரண்டு வருஷம் பிந்தியது. நம்பரை வைத்து வயசு கண்டுபிடிக்கும் நம் வித்தைக்கு இங்கே என்ன வேலை?

மூன்றிலும் ஒரே செய்திதான். அந்த ராத்திரியைக் காப்பாற்றியது நாடா. தட்டு அதை விற்க வந்தது.

*

இப்போது நம் பக்கம் வருவோம்.

தமிழ் ரசிகனுக்குக் கச்சேரி என்றாலே லைவ்தான். அதற்குத் தனிப் பெயர் தேவைப்பட்டதே இல்லை. ஆனால் நம் கச்சேரிகள் தட்டில் எவ்வளவு வந்தன? எழுபத்தெட்டு சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கோயில் வீதியில் நின்று மணிக்கணக்கில் வாசித்த தோடி, தட்டில் சில நிமிஷத்துக்குள் மடங்கியது. எல்.பி. வந்தபின் பக்கத்துக்கு இருபது, இருபத்தைந்து நிமிஷம் கிடைத்தது. அதிலும் ஒரு ராகம் தானம் பல்லவி முழுசாக அடங்காது. முதலில் வெட்டுப்படுவது நிரவலும் தனி ஆவர்த்தனமும்தான். அதாவது மேடையில் அந்த நேரத்தில் மட்டும் பிறக்கிற பகுதிகள்.

எம்.எஸ். சுப்புலட்சுமி 1966 அக்டோபர் 23 அன்று ஐ.நா. சபையில் பாடியது எல்.பி.யாக வந்தது. ‘சக்தி’ குழு 1975 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு கல்லூரி மேடையில் வாசித்தது அடுத்த வருஷம் தட்டானது. அதில் விக்கு விநாயக்ராமின் கடம் ஜான் மெக்லாஃப்லினின் கிதாரை விரட்டிக்கொண்டு போகும். இரண்டும் அமெரிக்க மேடை என்பதைக் கவனியுங்கள். மயிலாப்பூரிலும் கும்பகோணத்திலும் யாழ்ப்பாணத்திலும் விடிய விடிய நடந்தவற்றுக்குத் தட்டு போட யாரும் அவ்வளவாக வரவில்லை.

அப்படியானால் மதுரை மணி ஐயரை நாம் எப்படிக் கேட்கிறோம்? அவர் 1968-இல் போய்விட்டார். இன்று நமக்குக் கிடைக்கும் அவர் குரலில் பெரும்பகுதி ரசிகர்கள் ஸ்பூல் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய்ச் சபாவில் பிடித்தது, வானொலியிலிருந்து பிடித்தது. பெயர்கூடப் பதியாத மனிதர்கள். இருமல் கேட்கும், நாற்காலி இழுபடும், யாரோ “பேஷ்” என்பார்கள். ஒரு காசு லாபம் இல்லாமல் பிடித்து, நகலெடுத்து, கைமாற்றிக் கைமாற்றி நம்மிடம் கொண்டுவந்து சேர்த்தார்கள். சங்கீதப்ரியா மாதிரி இணையதளங்கள் அந்த வேலையின் தொடர்ச்சிதான். நம் மொழியில் லைவ் ஆல்பம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். அதற்கு உறை கிடையாது, கேட்டலாக் எண் கிடையாது, முதல் அச்சும் கிடையாது.

இங்கே ஒரு விலக்கு சொல்லியாக வேண்டும். எழுபத்தெட்டு சேகரிப்பவர்களை நான் கும்பிடுவேன். அந்தக் காலப் பதிவுகள் பலவற்றுக்குப் பின்னால் நாடா என்று ஒன்று இல்லவே இல்லை. உலோக அச்சுகளும் பெரும்பாலும் போய்விட்டன. எஞ்சியிருக்கும் தட்டுதான் மூலம். வி.ஏ.கே. ரங்காராவ் போன்றவர்கள் ஆயிரக்கணக்கில் சேர்த்ததோடு நிற்கவில்லை. பாடியவர் யார், பின்னணி என்ன என்று விடாமல் எழுதினார்கள். சேகரிப்பு என்றால் அது. நாம் செய்வது வேறு.

*

என் வீட்டுக் கதையைச் சொன்னால்தான் நான் ஏன் கத்துகிறேன் என்று புரியும்.

கெலுகோரில் என் அறையில் தட்டுகளுக்கு மேல் தட்டு அலமாரி. ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை, இடையிடையே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம், பினாங்கு புழுக்கத்துக்காக ஒரு இயந்திரம் வேறு. அதே அலமாரியின் அடித்தட்டில் ஒரு பிஸ்கட் டின். அம்மா கொடுத்தது. என் மாமா விட்டுப்போன கேசட்டுகள், பதினொன்று. எழுபதுகளின் கடைசியிலிருந்து தொண்ணூறு வரை, ஒரு டூ-இன்-ஒன் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போய், காவடிகளோடு வந்த உறுமி மேளக் குழுக்களை அவர் பிடித்திருக்கிறார். பால்பாயிண்ட் பேனாவில் “தைப்பூசம் 84 – உறுமி – ராத்திரி” என்று எழுதியிருக்கும். “இத பத்திரமா வச்சிருடா” என்று அம்மா சொல்லி நாலு வருஷம் இருக்கும். வைத்திருந்தேன். அடித்தட்டில்.

போன மழைக்காலத்தில் டின்னைத் திறந்தேன். நாடாவின் ஓரம் முழுக்க வெள்ளையாகப் பூஞ்சை. இரண்டு கேசட்டில் நாடா ஒன்றோடொன்று ஒட்டி, சுற்றினாலே உரிந்தது. கடைசியில் பதினொன்றில் நாலுதான் ஒழுங்காக ஓடியது. அதில் ஒன்றில் நாற்பது நிமிஷம் உறுமி. ஒருவர் முன்பாட்டுப் பாட, குழு வாங்கிப் பாடுகிறது. வேகம் ஏற ஏற உறுமியின் அந்த இழுத்த முனகல் ஒரு ஆள் அழுவது மாதிரி மாறுகிறது. நடுவில் மாமாவின் குரல், “தள்ளிக்கோங்க அண்ணே, ரெக்கார்டு பண்றேன்.” யார் அந்தக் குழு? எந்தத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள்? தோட்டங்கள் துண்டாடப்பட்டு ஜனங்கள் நகரத்துக்கு வந்தபோது எத்தனையோ குழுக்கள் கலைந்துபோயின. கேசட்டில் பெயர் இல்லை. மாமாவிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் அப்போது ‘மேட் இன் ஜப்பான்’ தேடிக்கொண்டிருந்தேன்.

‘மேட் இன் ஜப்பான்’ எங்கேயும் போகாது. என் அலமாரி எரிந்து சாம்பலானாலும் உலகத்தில் அதற்கு லட்சக்கணக்கில் பிரதிகள் இருக்கும். போன ஏழு கேசட்டுக்கு உலகத்தில் வேறு பிரதி கிடையாது.

இது என் வீட்டுக் கதை மட்டுமில்லை. இந்தத் தீவில் ஒரு கோயிலில், தமிழ்நாட்டிலிருந்து வந்த நாதஸ்வர வித்வான்கள் திருவிழாக்களில் வாசித்ததைப் பிடித்த நாடாக்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. குடமுழுக்குக்கு முன் அலுவலக அறையை இடித்துக் கட்டினார்கள். பெட்டி குப்பை லாரியில் போனது. யாரையும் குறை சொல்லவில்லை. அங்கே இருந்தவர்களுக்கு அது பழைய கேசட். 2008-இல் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நகரமானது. கடைவீட்டின் ஓடு மாற்ற வேண்டுமென்றாலும் அனுமதி வாங்க வேண்டும். அந்தத் தெருக்களில் ஐம்பது வருஷம் ஒலித்ததைத் தூக்கிப்போட எந்த அனுமதியும் வேண்டாம்.

*

மறுப்புகள் வரும். மூன்றுக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்.

“நாடாவும் எரியும். 2008-இல் ஹாலிவுட் யுனிவர்சல் ஸ்டுடியோ தீயில் எத்தனை மாஸ்டர் நாடா போனது? நாங்க வச்சிருக்கற தட்டுதான மிச்சம்?” வலுவான வாதம். 2019-இல் அந்தச் செய்தி வெளிவந்தபோது நானும் இதைத்தான் சொன்னேன். ஆனால் வாதத்தை முழுசாக யோசித்துப் பாருங்கள். மூலம் அழியும், பிரதி நிறைய இருந்தால்தான் பிழைக்கும் என்றால், முதலில் பிரதி எடுக்க வேண்டியது பிரதியே இல்லாததைத்தானே?

“என் காசு, என் ஆசை. ஒனக்கென்ன?” சரி. ஆசைக்கு வாங்குங்கள். தட்டைச் சுற்றவிட்டு ஊசி வைத்துக் கேட்கும் சுகம் எனக்கும் தெரியும். அதைப் ‘பாரம்பரியத்தைக் காப்பாற்றுகிறேன்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். இங்கிலாந்தில் ஒரு தொழிற்சாலையில் அழுத்திய பொருளை விலை ஏற்றி வாங்குவதில் நம்முடைய எதுவும் காப்பாற்றப்படவில்லை.

“உறுமியும் டீப் பர்ப்பிளும் ஒண்ணா?” இந்தக் கேள்வி நேராக வராது, முகத்தில் வரும். எனக்கு இரண்டும் வேண்டும். இயன் பேஸின் டிரம்மைக் கேட்டு வளர்ந்த காதுதான் மாமாவின் கேசட்டில் உறுமிக்காரர் எந்த இடத்தில் காலத்தை மாற்றுகிறார் என்று பிடித்தது. ஒன்றைப் பேச நமக்கு நூறு வார்த்தை இருக்கிறது, அழுத்திய வருஷம், ஊர், எண் எல்லாம் மனப்பாடம். இன்னொன்றைப் பேச ஆளின் பெயர்கூடத் தெரியாது. எனக்கு வெட்கமாக இருந்தது அந்த இடத்தில்தான்.

என்ன செய்யலாம்? பெரிய நிறுவனம் எதுவும் வேண்டாம். ஒரு நல்ல கேசட் டெக், கம்ப்யூட்டரில் செருக ஒரு ஒலிப்பதிவுக் கருவி. இரண்டுக்கும் சேர்த்து நாம் வாங்கும் இரண்டு மூன்று தட்டு விலைதான். பூஞ்சை பிடித்த நாடாவை எடுத்தவுடன் ஓட்டாதீர்கள். ஹெட் பாழாகும், பூஞ்சை அடுத்த கேசட்டுக்கும் பரவும். முதலில் காயவைத்துத் துடைக்க வேண்டும், தெரிந்த ஆளிடம் கேட்டுச் செய்யுங்கள். நாடாவுக்கு ஏற்ப ஹெட்டின் கோணத்தைச் சின்னத் திருப்புளியால் சரிசெய்தால் மங்கிய சத்தம் பளிச்சென்று திறக்கும். இரைச்சலை நீக்கி அழகுபடுத்த வேண்டாம். உள்ளதை உள்ளபடி, சுருக்காத கோப்பாக எடுங்கள். மூன்று பேரிடம் மூன்று பிரதி கொடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பிடித்தவரோ பக்கத்தில் நின்றவரோ உயிரோடு இருந்தால் இந்த வாரமே போய் உட்காருங்கள். யார் பாடியது, எந்த வருஷம், எந்த ஊர்க் குழு என்று எழுதிக்கொள்ளுங்கள். நாடா இன்னும் பத்து வருஷம் தாங்கினாலும் தாங்கும். எழுபத்தைந்து வயசுப் பெரியவரின் ஞாபகம் அவ்வளவு காத்திருக்காது.

என்னிடமிருந்த ‘லைவ் அட் லீட்ஸ்’, பிறகு வேறிடத்தில் கிடைத்து வாங்கிய, நம்பர் சரியாக இருந்த, கறுப்பு முத்திரை, அதை விற்றுவிட்டேன். அந்தக் காசில் டெக் வந்தது. மாமாவின் நாலு கேசட்டும் கோப்பாகிவிட்டன. அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டினேன். முன்பாட்டுக்காரர் குரலைக் கேட்டதும், “இது நிபோங் தெபால் பக்கம் இருந்து வர்ற குழுல்ல? மாமாகூட வேல பாத்தவரோட தம்பி பாடுவாரே” என்றார். பெயர் ஞாபகம் வரவில்லை. யாரைக் கேட்டால் தெரியும் என்று இரண்டு பேரின் பெயர் சொல்லியிருக்கிறார். அடுத்த சனிக்கிழமை பாலம் தாண்டிப் போகிறேன்.